மூன்று போஜன்கள்

கோத்தகிரி, ஆகஸ்ட்.
லேப் ஜன்னலுக்கு வெளியே ஒரு சில்வர் ஓக் இருந்தது,
இரண்டு மணிக்கு இல்லை,
மூன்று மணிக்கு மறுபடி இருந்தது.
கணினி பதினெட்டு. ஓடுவது பதினொன்று.
ஒரு கீபோர்டுக்கு இரண்டு பேர்:
மேகலா தட்டுவாள், நான் வாசிப்பேன்.

அருள்மேரி மேடம் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை.
கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரியின்
பச்சை இலைக் கணக்கு நோட்டுகள் ஏழு,
துணிப்பையிலிருந்து கொட்டினார்.
கொஞ்சம் தூள், ஒரு பழைய பஸ் டிக்கெட்டும் சேர்ந்து விழுந்தன.
"இதுவும் தரவுத்தளம்தான்.
ஆனா பொய் சொன்னா சும்மா கேட்டுக்கும்.
நாம கட்டுறது கேட்டுக்கக் கூடாது."

பெள்ளி, பெல்லி, பெள்ளிகவுடர்
என்று ஒரே ஆள் மூன்று நோட்டில் மூன்று ஆளாக இருந்தார்.
ஒரு சங்கதியை ஒரே இடத்தில் எழுது,
மற்ற இடமெல்லாம் அதன் எண் போதும்.
உறுப்பினர் ஓர் அட்டவணை, இலை வரவு இன்னொன்று.
இல்லாத உறுப்பினர் பேரில் பத்து கிலோ ஏற்றிப் பார்த்தேன்,
விளையாட்டுக்குத்தான்.
ஏற்க மாட்டேன் என்றது.
இலை என்று இருந்தால்
பறித்தவர் என்று யாராவது இருந்தாக வேண்டுமாம் அதற்கு.

பிறந்த தேதி தெரியாத ஒருவருக்குப் பூஜ்யம் போட்டேன்.
"பூஜ்யம் ஒரு பதில். தெரியாதுங்கிறது பதில் இல்ல.
நல்-னு விடு."
தமிழில் எழுதினால் 'நல்லது' பாதியில் நின்ற மாதிரி இருக்கிறது.
மண்டபம் கேம்ப் வழியாக வந்த என் அப்பாவுக்கு
எல்லாக் காகிதத்திலும் ஜூன் ஒன்று.
காலியிடம் பொறுக்காத ஏதோ ஒரு குமாஸ்தா.

பிறகு, போஜன் என்று கேட்டோம்.
மூன்று பேர் வந்தார்கள்.
மேல்ஹட்டியில் ஒருவர், கீழ்ஹட்டியில் இருவர்.
212. 221. 340.
எடைச்சீட்டில் எண் இருந்தது,
பட்டுவாடா நோட்டில் வெறும் போஜன்.
இரண்டையும் இணைத்து, பொருந்தாததை மட்டும் காட்டு என்றோம்.
பதினான்கு வரிகள்.
212-இன் இலை, 221-இன் பணம்.
முந்நூற்று எண்பத்தாறு கிலோ,
ஏழாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மேகலாவின் விரல்கள் நின்றன.
அப்பா என்று சொல்லவில்லை.
"மழைக்கு முன்னாடிதான் தண்ணி டேங்க் வாங்கினோம்" என்றாள்.

அந்தப் பதினான்கையும் அவள் அழித்திருக்கலாம்.
எங்கள் கணினியில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும் உண்டு,
அனுமதி அடுத்த வாரப் பாடம்.

221-இல் கழித்தாள்.
212-இல் கூட்டு என்று பாதி தட்டும்போது
கரண்ட் போனது.
யூபிஎஸ் ஜூனிலேயே செத்துவிட்டது.
இருட்டில் யாரோ விசில் அடித்தார்கள்.
எனக்கு ஒரே யோசனை:
இங்கே கழிந்து அங்கே சேராத ஏழாயிரம்
இப்போது எங்கே இருக்கிறது?

நாற்பது நிமிடம்.
வெளிச்சம் வந்ததும் அது தன் நாட்குறிப்பைப் படித்தது,
செய்து முடிக்காததைச் செய்யாததாக்கிவிட்டு
பழையபடி உட்கார்ந்துகொண்டது.
221 முழுசாக. பதினான்கு வரியும் அப்படியே.
பாதி நடந்த எதுவும் அதன் கணக்கில் நடக்கவில்லை.
நாற்பது நிமிடம் முன்பு எடுத்த முடிவை
மேகலா மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.
என்னைப் பார்த்தாள். நான் ஓக் மரத்தைப் பார்த்தேன்.

கழி. கூட்டு.
கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்தாள்.
கமிட்.

"இது லேப் பிரதிதான், ஃபேக்டரி நோட்டு மாறாது"
என்றார் மேடம் பொதுவாக, பையில் அடுக்கியபடி.

தரையில் கிடந்த அந்த பஸ் டிக்கெட்டின் பின்னால்
பதினான்கு தேதிகளைப் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டாள்.
நாலு நாற்பது வண்டியில் பக்கத்து சீட்.
மழை, அசைன்மெண்ட், என் கிழிந்த குடை பற்றிப் பேசினோம்.

மேல்ஹட்டி ஸ்டாப்பில் இறங்கினாள்.
அவள் வீடு கீழ்ஹட்டி.